கிறிஸ்மஸ் மர ஸ்டாண்ட்: பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டரை நம்பி வாங்காதீர்கள்

நிஜ மரம் வாங்கப் போகிறவர்கள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மணி நேரம் பார்க்கிறார்கள். அதை நிறுத்தப்போகிற ஸ்டாண்டை மட்டும் கல்லாப் பக்கம் அடுக்கி வைத்திருப்பதிலிருந்து போகிற போக்கில் எடுத்து வண்டியில் போடுகிறார்கள். உண்மையில் மரம் நாலு வாரம் பச்சையாக நிற்பதா, பத்தே நாளில் காய்ந்து வீட்டுக்கு ஆபத்தாவதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த ஸ்டாண்ட்தான். மரத்தின் விலையில் பத்து டாலர் குறைத்தாவது ஸ்டாண்டில் போடுங்கள் என்றுதான் சொல்வோம்.

டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துக் கடைகளில் டிசம்பரில் கிடைக்கும் ஸ்டாண்டுகள் நாலே வகை: பிளாஸ்டிக் போல்ட் வகை, இரும்பு போல்ட் வகை, நடுமுள் வகை, மிதிகட்டையால் இறுக்கும் கம்பிவடம் வகை. நான்கையும் ஒரே அளவுகோலில் பார்த்திருக்கிறோம். மரம் ஏழு அடி ஃப்ரேசர் ஃபிர் அல்லது பால்சம் ஃபிர், அடிமரத்தின் குறுக்களவு 10 செ.மீ. இந்தப் பக்கத்து வீடுகளின் எட்டடி உயரக் கூடத்துக்கு உச்சி நட்சத்திரத்தையும் ஸ்டாண்டின் உயரத்தையும் சேர்த்தால் இதைவிடப் பெரிய மரம் நிற்காது.

தண்ணீர்க் கணக்கு

வெட்டிய மரம் உயிரோடு இருப்பதில்லை, ஆனால் குடிப்பதை நிறுத்துவதும் இல்லை. ஊசியிலைகளிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. போன ஈரத்தை ஈடுகட்ட அடிமரம் தண்ணீரை இழுக்கிறது. நீண்ட நாளாக வழங்கிவரும் கணக்கு எளிமையானது: அடிமரத்தின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் கொள்ளும் தொட்டி. 10 செ.மீ. என்றால் நாலு அங்குலம், ஆக நாலு லிட்டர். உள்ளே கொண்டுவந்த முதல் 24 மணி நேரத்தில் புதிய மரம் இந்த நாலு லிட்டரையும் குடித்துவிடக்கூடும். பிறகு மெல்ல மெல்லக் குறையும்.

சிக்கல் தொடங்குவது பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணில். அது வெறும் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் கொள்ளும் அளவு. மரம் உள்ளே இறங்கியதும் இரண்டு கழிவுகள் வருகின்றன. ஒன்று, அடிமரம் தானே இடத்தை அடைத்துக்கொள்கிறது. 10 செ.மீ. மரம் 10 செ.மீ. ஆழம் தண்ணீருக்குள் நின்றால் முக்கால் லிட்டருக்கு மேல் வெளியே போயிற்று. இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை. பெரும்பாலான ஸ்டாண்டுகளில் அடிமரம் தொட்டியின் தரையைத் தொடாது. நடுவில் உள்ள முள்ளின் மேலோ ஒரு மேடையின் மேலோ இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கும். வெட்டுமுகத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் மரத்துக்குச் செத்த தண்ணீர். தொட்டியில் பளபளவென்று தெரியும், மரத்துக்கு ஒரு சொட்டுகூட ஏறாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். உட்புறக் குறுக்களவு 22 செ.மீ., ஆழம் 9 செ.மீ. உள்ள சாதாரண பிளாஸ்டிக் கிண்ணம் சுமார் 3.4 லிட்டர் கொள்ளும். வெட்டுமுகம் 2.5 செ.மீ. உயரத்தில் நின்றால் அதற்குக் கீழே கிட்டத்தட்ட ஒரு லிட்டர் முடங்கிவிட்டது. மேலே மீதியுள்ள 6.5 செ.மீ.யில் மரத்தின் பருமனையும் கழித்தால் குடிக்கக் கிடைப்பது இரண்டு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. பெட்டியில் போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, தேவையிலோ பாதிகூட இல்லை. அதே மரத்தை 28 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம், 3 செ.மீ. முள் உள்ள பெரிய தொட்டியில் நிறுத்தினால் 7.4 லிட்டரில் 4.8 லிட்டர் பயன்படும். முதல் நாள் இரவைத் தாண்டுவதற்கு அது போதும்.

கடையிலேயே இதைச் சோதிக்க ஒரு அளவுகோல் நாடா போதும். தொட்டியின் உட்புற அகலம், விளிம்பு உயரம், முள்ளின் அல்லது மேடையின் உயரம், மூன்றையும் அளந்து பாருங்கள். மேடையிலிருந்து விளிம்புவரை 8 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் திருப்பி வைத்துவிடலாம். உயரத்தை மட்டும் பெரிதாகப் போட்டு "எட்டடி மரம் தாங்கும்" என்று விற்பதெல்லாம் எடையைத்தான் சொல்கிறது, தாகத்தை அல்ல.

தண்ணீர் வெட்டுமுகத்துக்குக் கீழே இறங்கினால் என்ன ஆகும்? தண்ணீர் ஏறும் நுண்குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும். வெட்டிய இடத்தில் பிசினும் படியும். சில மணி நேரம் அப்படிக் கிடந்தாலே மறுபடி ஊற்றும்போது மரம் பழையபடி குடிக்காது. ஒரே பரிகாரம் மரத்தை எடுத்து அடியை மறுபடி அறுப்பது. அலங்காரமெல்லாம் போட்டு முடித்த மரத்தை யாரும் எடுத்து அறுக்கப் போவதில்லை. சின்னத் தொட்டியின் உண்மையான விலை இதுதான்.

நான்கு வகைகள்

பிளாஸ்டிக் போல்ட் வகை எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. வளையத்தைச் சுற்றி மூன்று அல்லது நான்கு போல்ட்டுகள். ஒருவர் மரத்தைப் பிடிக்க, இன்னொருவர் தரையில் குப்புறப் படுத்துக் கையால் திருக வேண்டும். போல்ட் இரும்பாகவும் அது ஏறும் மரை பிளாஸ்டிக்காகவும் இருந்தால் இரண்டாம் வருடமே மரை தேய்ந்து வழுக்கத் தொடங்கும். கராஜில் போட்டு வைக்கும்போது மிச்சத் தண்ணீர் உறைந்து கிண்ணத்தில் மயிரிழை விரிசல் விழுவதும் வழக்கம். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மரத்தை நிறுத்துவதற்கு முதல் நாள் தொட்டியை நிரப்பி, செய்தித்தாள் மேல் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் ஸ்டாண்ட் குப்பைக்கு. ஐந்தடிக்கு உட்பட்ட சிறிய மரத்துக்கு இது போதும், ஏழடிக்கு வேண்டாம்.

இந்த வகையின் இன்னொரு கேடு அதன் வாய். 10 செ.மீ. வாயுள்ள வளையத்துக்குள் 11 செ.மீ. மரம் இறங்காது. உடனே கத்தியையோ கோடரியையோ எடுத்து அடிமரத்தைச் சுற்றிச் சீவுவார்கள். இதைவிட மரத்துக்குக் கெடுதல் வேறில்லை. தண்ணீர் ஏறுவது பட்டைக்கு அடுத்த வெளி அடுக்குகள் வழியாகத்தான். அதைச் சீவி எறிந்துவிட்டு நடு வைரத்தைத் தண்ணீரில் வைத்தால் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. மரம் வாங்கும் இடத்தில் அடியை அளந்து, அதைவிட 2 செ.மீ.யாவது அகலமான வாயுள்ள ஸ்டாண்டாக எடுங்கள்.

இரும்பு போல்ட் வகை கொஞ்சம் முரட்டுத்தனமானது, ஆனால் நம்பகமானது. பரந்து விரிந்த நாலு கால்கள், ஆழமான கிண்ணம், கைப்பிடி வைத்த நீண்ட போல்ட்டுகள். நல்லவற்றில் போல்ட்டுகள் இரண்டு அடுக்காக இருக்கும்: கீழ் நாலு, மேல் நாலு. கீழடுக்கு அடிமரத்தை நடுவில் நிறுத்துகிறது, மேலடுக்கு சாய்வைத் திருத்துகிறது. வளைந்த அடிமரத்தை நேராக நிறுத்த இதுதான் தோது. எதிரெதிர் போல்ட்டுகளைச் சம அளவில் திருக வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு எதிர்ப்பக்கம் போனால் மரம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். குளிரில் இருந்து வந்த மரம் வீட்டுச் சூட்டில் இளகிக் கிளைகள் தாழ இறங்கும், எடையின் மையமும் மாறும். ஆகையால் மறுநாள் ஒரு சுற்று மறுபடி இறுக்குவது கட்டாயம்.

இதன் பலவீனம் துரு. கிண்ணத்தின் பற்றவைப்பு ஓரத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் தொடங்கி, மூன்று நாலு வருடத்தில் மரத்தரையில் ஒரு மஞ்சள் வளையம் விழும். ஸ்டாண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று போட்டே தீர வேண்டும். துணி விரிப்பு போதாது, அது ஈரத்தை மறைத்துத்தான் வைக்கும்.

நடுமுள் வகை பிரமாதமான யோசனை, ஆனால் ஒரு நிபந்தனையோடு. மரம் விற்கும் இடத்தில் இதற்கென்று ஒரு துளையிடும் எந்திரம் இருக்கும். அது அடிமரத்தின் நடுவில், மரத்தின் நேர்கோட்டுக்கு ஏற்பத் துளை போடும். வீட்டுக்கு வந்து ஸ்டாண்டின் முள்ளில் குத்தினால் அரை நிமிடத்தில் மரம் நேராக நிற்கும். திருகல் கிடையாது, தரையில் படுக்கத் தேவையில்லை. துளையினால் தண்ணீர் கூடுதலாக ஏறும் என்று விற்பவர் சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஏறுவது வெளி அடுக்கில், துளை இருப்பது நடுவில். கெடுதலும் இல்லை, லாபமும் இல்லை. அந்த எந்திரம் இல்லாத கடையில் மரம் வாங்கினால் இந்த ஸ்டாண்ட் வெறும் இரும்பு. வீட்டில் கையால் துளை போட்டால் முக்கால்வாசி நேரம் கோணும். வீட்டில் அடியைப் புதிதாக அறுக்கும்போது துளையின் ஆழமும் அந்த அளவு குறைந்துவிடுகிறது. ஆழமாகத் துளைக்கச் சொல்லி வாங்குங்கள். அறுத்த பிறகு முள் முழுக்க உள்ளே போகாவிட்டால் மரம் முள்ளின் நுனியில் ஆடிக்கொண்டிருக்கும்.

கம்பிவடம் வகையை நிலைநிறுத்தியது ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள கிரின்னர் நிறுவனம். இங்கே கடைகளில் அதை 'ட்ரீ ஜீனி' என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். இப்போது அதே முறையில் வேறு பெயர்களிலும் வருகிறது. வட்டமான உடம்பின் வாயைச் சுற்றி நகம்போலப் பிடிகள், எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஒரே ஒரு எஃகு வடம். மிதிகட்டையை மிதிக்க மிதிக்க வடம் இறுகும். ஒவ்வொரு பிடியும் தனக்கு எதிரே உள்ள மேடு பள்ளத்துக்கு ஏற்ப நகர்ந்து பற்றும். அடிமரம் வட்டமாக இல்லாவிட்டாலும் எல்லாப் பிடியிலும் ஒரே அழுத்தம் விழுவது இந்த வட அமைப்பினால்தான். ஒருவர் தனியாகவே ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்து நிறுத்திவிடலாம். ஐந்தாறு மிதி போதும். இறுகியதும் பூட்டுநெம்பைப் பூட்டு நிலைக்குக் கொண்டுபோக மறக்கக் கூடாது. வீட்டில் குழந்தை இருந்தால் இதை இரண்டு முறை பாருங்கள், மிதிகட்டை என்பது குழந்தைக்கு விளையாட்டுச் சாமான்.

பிளாஸ்டிக் வகையைப்போல மூன்று நாலு மடங்கு விலை. கொடுக்கலாமா? வருடா வருடம் நிஜ மரம் வைக்கிற வீடு என்றால் தயங்காமல் கொடுக்கலாம். எடையும் அகலமும் கீழே இருப்பதால் சாயாது. பெரிய அளவுகளில் தொட்டியும் தாராளம். குறைகள் இல்லாமல் இல்லை. பிடிகள் தொட்டிக்கு மேலே பற்றுவதால் அடிமரத்தில் 20 முதல் 25 செ.மீ. கிளையில்லாத வெற்று நீளம் வேண்டும். அடிக்கிளைகள் இரண்டு மூன்றை வெட்டத்தான் வேண்டிவரும். மெலிந்த மரத்துக்குப் பெரிய அளவு ஸ்டாண்டை வாங்கினால் பிடிகள் எட்டாது, மரக்கட்டை செருகிச் சமாளிக்க வேண்டும். வடம் அறுந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது. சாய்வை நுணுக்கமாகத் திருத்தும் வசதியும் இல்லை. கோணலாகத் தெரிந்தால் முழுக்கத் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டியதுதான்.

இந்த வகையில் பலவற்றில் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை ஒன்று இருக்கும். பயனுள்ளதுதான், ஆனால் அது காட்டுவது தொட்டியின் மட்டம். உங்கள் மரத்தின் அடி எந்த உயரத்தில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. முதல் தடவை நிரப்பும்போது தண்ணீர் வெட்டுமுகத்தைத் தொடும் இடத்தில் மிதவை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு பேனாக் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு இரண்டு செ.மீ. மேலே இருக்கும்போதே ஊற்ற வேண்டும்.

எங்கள் வரிசை: முதலிடம் கம்பிவடம், அடுத்து இரட்டை அடுக்கு இரும்பு போல்ட். துளையிடும் எந்திரம் உள்ள கடையில் வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு நடுமுள். பிளாஸ்டிக் சின்ன மரத்துக்கு மட்டும்.

எவ்வளவு நல்ல ஸ்டாண்டானாலும் அடி அறுக்காவிட்டால்

மரம் கடைக்கு வருவதற்குப் பல வாரம் முன்பே வெட்டப்பட்டிருக்கும். அடியில் பிசின் படிந்து மூடியிருக்கும். வாங்கும்போதே 2 செ.மீ. வட்டு ஒன்றை அறுத்துத் தரச் சொல்லுங்கள், வழக்கமாகவே செய்து தருவார்கள். அறுத்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் தண்ணீரில் நிற்க வேண்டும். அதற்குள் முடியாது என்றால் வீட்டில் நிறுத்துவதற்குச் சற்று முன் வில்ரம்பத்தால் நீங்களே அறுங்கள். அறுப்பு அடிமரத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பூச்சாடிப் பூவுக்குச் செய்வதுபோல் சாய்த்து வெட்டினால் மரம் நேராக நிற்காது. அறுப்பின் மேல் ஓரம் தண்ணீருக்கு வெளியே போய்விடும் ஆபத்தும் உண்டு. ரம்பத்திலும் கையிலும் ஒட்டிய பிசின் சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள்.

உடனே உள்ளே கொண்டுவர முடியாவிட்டால் கராஜில், காற்றும் வெயிலும் படாத மூலையில், வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். கார் கூரையில் ஏற்றும்போது அடிமரம் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். உச்சியை முன்னால் வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டினால் எதிர்க்காற்று கிளைகளுக்குள் புகுந்து ஈரத்தை உறிஞ்சி, ஊசிகளையும் உதிர்த்துவிடும்.

தண்ணீரில் என்ன கலப்பது என்ற கேள்வி வருடந்தோறும் வரும். சர்க்கரை, ஆஸ்பிரின், ப்ளீச், செவன் அப், கடையில் விற்கும் பொட்டலம். ஒன்றும் வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். கிறிஸ்மஸ் மரங்களின் ஈரத்தையும் ஊசி உதிர்வையும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரி சாஸ்டக்னரும் வெறும் தண்ணீரைத்தான் சொல்லிவந்தார். சர்க்கரை போட்டால் இரண்டு நாளில் தொட்டி கொழகொழத்துப் போகும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் அது கட்டாயம் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கும். அதற்காகவே மூடியுள்ள ஸ்டாண்ட் நல்லது.

ஊற்றுவது ஒரு தனி வேலை. பரிசுப்பொதிகளை நகர்த்திக் கிளைகளுக்கு அடியில் ஊர்ந்து போக யாருக்கும் பொறுமை இருக்காது. நாலாம் நாளிலிருந்து தட்டிக்கழிக்கத் தொடங்குவார்கள். ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய், மேலே ஒரு புனல், கீழ்முனை தொட்டிக்குள். குழாயை அடிமரத்தோடு சேர்த்துக் கட்டிப் புனலைக் கிளைகளுக்குள் மறைத்துவிட்டால் நின்றபடியே ஊற்றலாம். முதல் மூன்று நாள் காலையும் இரவும், பிறகு நாளுக்கு ஒரு முறை. மட்டம் தெரியாமல் புனலில் ஊற்றினால் வழிந்து தரை கெடும், ஆகவே அளந்த சாடியில் அரை அரை லிட்டராக.

நெருப்பு

நன்றாகத் தண்ணீர் குடித்த மரத்தைச் சிறு சுடரால் பற்றவைப்பதே கடினம். காய்ந்த மரம் வேறு ஜாதி. அமெரிக்க அரசின் நிஸ்ட் ஆய்வகம் வீட்டு அறைபோல அமைத்த இடத்தில் காய்ந்த ஸ்காட்ச் பைன் மரத்தைப் பற்றவைத்துப் படமெடுத்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் மரம் மட்டுமல்ல, அறையே எரிகிறது. தீயணைப்பானைத் தேடி எடுக்கும் நேரம்கூட அதில் கிடையாது.

கனடா வீடுகளில் மரத்தைக் காயவைக்கும் முதல் எதிரி தரையில் இருக்கும் வெப்பக்காற்றுத் துவாரம். கூடத்தில் சன்னலுக்கு நேர் கீழே அது இருக்கும். தெருவிலிருந்து தெரிய வேண்டும் என்று மரத்தையும் அதே சன்னலில்தான் வைப்பார்கள். ஃபர்னஸ் ஓடும் ஒவ்வொரு முறையும் சூடான காற்று நேரே கிளைக்குள் அடிக்கும். அந்தத் துவாரத்தை மூடுங்கள், அல்லது காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் மறைப்பை வாங்கி மாட்டுங்கள். நெருப்படுப்பு, மின்சூடேற்றி, ரேடியேட்டர் எதுவானாலும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. வாசற்கதவை மறித்தும் வைக்காதீர்கள், ஓட வேண்டிய வழி அது.

எல்ஈடி விளக்கு மட்டும் போடுங்கள். பழைய குமிழ் விளக்குச் சரங்கள் இன்னும் சில வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. பெரிய குமிழ்களில் ஒவ்வொன்றும் 5 முதல் 7 வாட். தொட்டால் சுடும், ஊசியிலையைக் காயவைக்கும். சரத்தில் மின்பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிஎஸ்ஏ அல்லது சியூஎல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வயர் உரிந்தது, குமிழ்க்கூடு உடைந்தது எல்லாம் குப்பைக்கு. நீட்டிப்பு வயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டக் கூடாது. சரங்களை இணைக்கும் பிளக்குகள் தொட்டிக்கு மேலே தொங்கக் கூடாது. படுக்கப் போகும்போதும் வெளியே போகும்போதும் அணைக்க வேண்டும், பத்து டாலர் டைமர் ஒன்று அதைப் பார்த்துக்கொள்ளும்.

தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் கவனிக்க வேண்டியது பாலன் குடில். மரத்துக்கு அடியிலேயே வைக்கோல் பரப்பி, அட்டை மலை கட்டி, நள்ளிரவுப் பூசைக்குப் போகுமுன் அதன் முன்னால் மெழுகுதிரி ஏற்றுவது பல வீடுகளில் வழக்கம். வைக்கோல், காகிதம், அதற்கு மேல் ஏழடி ஊசியிலை, பக்கத்தில் சுடர், வீட்டில் ஆள் இல்லை. குடிலைச் சுவரோரம் தனி மேசைக்கு மாற்றுங்கள். திரிக்குப் பதில் பேட்டரித் திரி. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஊசி உதிரவில்லை, ஆகவே மரம் பச்சையாகத்தான் இருக்கிறது என்று சிலர் நினைப்பார்கள். ஃபிர் மரத்தில் அது ஓரளவு சரி. ஸ்காட்ச் பைன் முழுக்கக் காய்ந்த பிறகும் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்ப்ரூஸ் இதற்கு நேர்மாறு, வெதுவெதுப்பான கூடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். எந்த மரமானாலும் ஊசியை விரலால் வளைத்துப் பாருங்கள். ஈரமுள்ள ஃபிர் ஊசி வெள்ளரிப் பிஞ்சுபோல் பளிச்சென்று முறியும், கையில் மணம் ஒட்டும். காய்ந்தது சுள்ளிபோல் நொறுங்கும், மணம் இருக்காது. பைன் ஊசி ஈரமாக இருக்கும்வரை முறியாமல் வளையும். வாங்கும்போதும் இதே சோதனைதான், கூடவே அடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். உள்ளே சிக்கிய பழுப்பு ஊசிகள் கொட்டினால் பரவாயில்லை, பச்சை ஊசி கொட்டினால் அடுத்த மரத்தைப் பாருங்கள்.

வீட்டில் நிற்கும் மரம் குடிப்பதை அடியோடு நிறுத்தி, கிளையை வருடினால் கொத்தாக ஊசி வந்தால், தேதி டிசம்பர் 23 ஆனாலும் வெளியே தூக்கிப் போடுங்கள். குழந்தைகள் அழுவார்கள், அழட்டும்.

காண்டோவில் குடியிருப்பவர்கள் இதையெல்லாம் யோசிக்குமுன் கட்டட விதிகளைப் படியுங்கள். பல காண்டோக்களில் நிஜ மரத்துக்கு அனுமதியே இல்லை.

எடுக்கும்போது

ஃப்ரேசர் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தால் நாலு, ஐந்து வாரம் தாங்கும். டிசம்பர் முதல் வாரம் வைத்தது மூவிராசாக்கள் திருநாளோடு போக வேண்டும், தைப்பொங்கல்வரை இழுக்க வேண்டாம். மிச்சத் தண்ணீரைப் பழைய துவாலையாலோ ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தாலோ முதலில் எடுத்துவிடுங்கள். தொட்டியோடு மரத்தைச் சாய்த்தால் மூன்று லிட்டர் பிசின் தண்ணீர் கம்பளத்தில் ஊற்றும். டொராண்டோ நகராட்சி ஜனவரியில் வீட்டு வாசலிலேயே மரங்களை எடுத்துக்கொண்டு போய் அரைத்துத் தழைக்கூளமாக்குகிறது. சரிகை, விளக்கு, கொக்கி, பிளாஸ்டிக் பை எதுவும் மரத்தில் இருக்கக் கூடாது. வெட்டி நெருப்படுப்பில் போடும் எண்ணம் வேண்டாம். பிசின் வெடித்துப் பொறி தெறிக்கும், புகைபோக்கியின் உள்ளே எரியக்கூடிய கரி படியும்.

ஸ்டாண்டைக் கழுவி, பிசினை எண்ணெயால் துடைத்து, முழுக்க உலர்த்திய பிறகே கராஜுக்கு. இரும்பு வகை என்றால் போல்ட் மரைகளில் சமையல் எண்ணெய் போடாதீர்கள், அடுத்த வருடத்துக்குள் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். தையல் எந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். கம்பிவடம் வகையில் வடத்தைத் தளர்த்தி, பிடிகள் திறந்த நிலையில் வைத்து, வடத்தில் இழை பிரிந்திருக்கிறதா என்று விரலால் அல்ல, துணியால் வருடிப் பாருங்கள். ஓர் இழை துணியில் சிக்கினாலும் அந்த ஸ்டாண்டை அடுத்த டிசம்பருக்கு நம்ப வேண்டாம். ஜனவரியில் கடைகள் மீதமிருக்கும் ஸ்டாண்டுகளைத் தள்ளுபடியில் போடும்போது புதியது வாங்கிவிடலாம்.